காந்தம் காற்றைத் தொடுவதில்லை. பிறகு எப்படிக் கலவை மாறுகிறது?

வடமராட்சியில் உயர்தரம் படிக்கிற ஒரு பிள்ளை எழுதிக் கேட்டது இது: "2024 மே மாதம் பெரிய புவிகாந்தப் புயல் வந்தபோது லடாக்கில் வானம் சிவந்த படங்கள் பார்த்தேன். அந்தப் புயலால் மேல் வளிமண்டலத்தின் கலவையே மாறியதாக ஓரிடத்தில் வாசித்தேன். காந்தப்புலம் நைதரசனையும் ஒட்சிசனையும் எப்படி மாற்றும்? யாழ்ப்பாணத்துக்கு மேலேயும் மாறியதா? நாங்கள் சுவாசிக்கிற காற்றுக்கு ஏதும் ஆகுமா? வட்ஸ்அப்பில் வந்ததை வாசித்துக் காட்டின பிறகு அம்மம்மா யன்னலைக்கூடத் திறக்க விடுகிறா இல்லை."

பிள்ளை, கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம், அம்மம்மா பாவம். அமுக்கம் என்றால் தலைக்கு மேலே கிடக்கிற காற்றின் நிறைதான் என்று படித்திருப்பீர். நிலத்தில் அது ஒரு இலட்சம் பஸ்கால். 100 கிலோமீற்றர் உயரத்தில் வெறும் 0.03 பஸ்கால். அதாவது நீர் கேட்கிற இந்தக் கூத்தெல்லாம் நடக்கிற இடத்தில் இருக்கிற காற்று முழுவதையும் கூட்டி அள்ளினாலும், எங்கட வளிமண்டலத்தில் அது ஏறத்தாழ 30 இலட்சத்தில் ஒரு பங்கு. அங்கே தலைகீழாகப் புரண்டாலும் உங்கட முற்றத்து வேப்பங்காற்றில் ஒரு மூலக்கூறும் கூடாது, குறையாது. யன்னலைத் திறக்கச் சொல்லும்.

இனி முதற் கேள்வி. அது நல்ல கேள்வி, ஏனென்றால் உம்முடைய சந்தேகம் சரி. காந்தப்புலம் நடுநிலையான வாயுவை ஒன்றும் செய்வதில்லை. இரசாயனவியல் படித்த கெட்டித்தனத்தில் "ஒட்சிசன் மூலக்கூறு காந்தத்துக்குக் கொஞ்சம் இழுபடுமே சேர்" என்று ஒருவர் கேட்பார். இழுபடும்தான், திரவ ஒட்சிசனை வலிய காந்தத்தின் முனைகளுக்கு நடுவே ஊற்றினால் அது ஒட்டிக்கொண்டு நிற்கும். ஆனால் இங்கே அதற்கு வேலையில்லை. கணக்கைப் பாரும்: யாழ்ப்பாணத்தில் புவியின் காந்தப்புலம் ஏறத்தாழ 40,000 நனோரெஸ்லா. 2024 மே 10, 11 புயலில், தாழ் அகலாங்கு நிலையங்களின் அளவீடுகளைச் சேர்த்துக் கணிக்கிற Dst என்ற சுட்டெண் ஏறத்தாழ 400 நனோரெஸ்லா கீழே போனது. நூற்றில் ஒன்று. இருபது வருஷத்தில் காணாத புயல் என்று உலகமே எழுதியது, காந்தக் கணக்கில் ஒரு வீதம்! இந்த ஒரு வீத ஆட்டமா வாயுவைக் கலக்கும்?

இல்லை. கலக்குவது சூடு. அந்தச் சூடு எங்கே விழுகிறது, விழுந்த இடத்தில் காற்று எப்படிப் புரளுகிறது என்பதுதான் முழுக் கதையும். ஒரு விதிவிலக்கைத் தவிர, புயல் புதிதாக எதையும் மேலே கொண்டுவந்து கொட்டுவதில்லை. கீழே கிடந்ததை மேலே கிளறிவிடுகிறது, அவ்வளவுதான்.

அதை விளங்க, புயலுக்கு முதல் அங்கே என்ன ஒழுங்கு இருந்தது என்று தெரியவேண்டும். நிலத்தில் இருந்து ஏறத்தாழ 100 கிலோமீற்றர் வரைக்கும் காற்று ஓயாமல் கலக்கப்பட்டபடி இருக்கிறது. அதனால் பருத்தித்துறைக் கடற்கரையிலும் 80 கிலோமீற்றர் உயரத்திலும் நைதரசன் நூற்றுக்கு 78, ஒட்சிசன் 21 என்ற கணக்கு மாறாது. அதற்கு மேலே காற்று அவ்வளவு ஐதாகிவிடுவதால் கலக்கல் தோற்றுப்போகிறது. ஒவ்வொரு வாயுவும் மற்றது இருக்கிறதா இல்லையா என்று பாராமல் தன் பாரத்துக்கு ஏற்பத் தானே அடுக்கிக்கொள்கிறது. பாரமானது கீழே, இலேசானது மேலே.

எவ்வளவு வித்தியாசம்? போல்ற்சுமான் மாறிலியை வெப்பநிலையால் பெருக்கி, மூலக்கூறின் திணிவையும் ஈர்ப்பையும் பெருக்கி வந்ததால் பிரித்தால் ஒரு உயரம் வரும், நீரே போட்டுப் பார்க்கலாம். அந்த உயரம் ஏறும் ஒவ்வொரு முறையும் வாயுவின் அடர்த்தி 2.7 மடங்கு குறையும். 1000 கெல்வின் வெப்பநிலையில் நைதரசன் மூலக்கூறுக்கு இது ஏறத்தாழ 34 கிலோமீற்றர். தனி ஒட்சிசன் அணுவுக்கு, திணிவு 28க்குப் பதில் 16 என்பதால், ஏறத்தாழ 60 கிலோமீற்றர். ஆகவே ஏற ஏற நைதரசன் விறுவிறென்று தேயும், ஒட்சிசன் அணு மெதுவாகத் தேயும். 120 கிலோமீற்றரில் நைதரசன்தான் பெரும்பான்மை. 200ஐத் தாண்டும் அளவில் ஒட்சிசன் அணு முந்திவிடும். சர்வதேச விண்வெளி நிலையம் சுற்றுகிற 400 கிலோமீற்றர் உயரத்தில் ஏறக்குறைய முழுவதும் அதுதான். இன்னும் மேலே போனால் ஈலியம், அதற்கும் மேலே ஐதரசன்.

"ஒட்சிசன் அணுவா, மூலக்கூறு அல்லவா இருக்கவேண்டும்?" என்று இந்த இடத்தில் கேட்டிருக்கவேண்டும் நீர். சூரியனின் கடுமையான ஊதாக்கடந்த கதிர் அங்கே மூலக்கூறை உடைத்துவிடுகிறது. உடைந்த இரண்டும் திரும்பச் சேருவதென்றால் சேரும்போது வெளிவரும் சக்தியை வாங்கிக்கொண்டு போக மூன்றாவது ஆள் ஒருவர் பக்கத்தில் நிற்கவேண்டும். 300 கிலோமீற்றரில் ஒரு அணு இன்னொன்றோடு மோத முதல் கிலோமீற்றர் கணக்கில் ஓடவேண்டியிருக்கிறது, மூன்றாவது ஆளுக்கு எங்கே போவது? ஆகவே அணு அணுவாகவே காலத்தைக் கழிக்கிறது, மெல்லக் கீழே இறங்கி 100 கிலோமீற்றர் அளவில் வந்த பிறகுதான் சோடி சேருகிறது.

இப்போது ஒடியற் கூழுக்கு வருவோம்.

கூழ் காய்ச்சுகிற நாளில் முற்றத்தில் மூன்று கல்லு வைத்து, பெரிய பானையை ஏற்றி, நண்டும் இறாலும் பலாக்கொட்டையும் பயற்றங்காயும் அவிந்த பிறகு ஒடியல் மாவைக் கரைத்து விடுவார்கள். அகப்பையை எடுத்து வைத்துவிட்டு இரண்டு பேர் கதைக்கத் தொடங்கினால் என்ன நடக்கும்? மா அடியில் இறங்கித் தடிக்கும், மேலே தண்ணியாக நிற்கும். அதுதான் 100 கிலோமீற்றருக்கு மேலே இருக்கிற அடுக்கு: அகப்பை படாத கூழ். இப்போது ஒரு பக்கத்து விறகை மட்டும் உள்ளே தள்ளும். அந்தப் பக்கம் அடியில் இருந்து கொதித்து, தடித்த மா குமிழியோடு மேலே வரும். வந்தது மேற்பரப்பில் பரந்து மற்றப் பக்கத்துக்கு ஓடும். மற்றப் பக்கத்தில் மேலே நின்ற தண்ணிக் கூழ் போக இடமில்லாமல் கீழே அமுங்கும். பானைக்குள் ஒரு கரண்டிகூட நீர் புதிதாகப் போடவில்லை. ஆனால் நெருப்புப் பக்கத்தில் மேலே மொண்டால் மா, எதிர்ப்பக்கத்தில் மொண்டால் தண்ணி.

நெருப்புப் பக்கம் துருவம். எதிர்ப்பக்கம் நாங்கள். மா நைதரசன், தண்ணி ஒட்சிசன் அணு. உவமை இவ்வளவோடு நிற்கட்டும், நண்டுக்கு ஒத்தது என்ன என்று கேட்கவேண்டாம்.

விறகைத் தள்ளுவது யார்? சூரியனில் இருந்து பிய்ந்து வந்த பெரிய முகில் ஒன்று, ஒன்று தொடக்கம் மூன்று நாளில் பூமியை எட்டும். அதன் காந்தப்புலம் தெற்கு நோக்கி இருந்தால் வடக்கு நோக்கிய பூமியின் புலத்தோடு பின்னிக்கொள்ளும், கதவு திறந்த மாதிரி. பிறகு காந்தப்புலக் கோடுகள் வழியே பெரும் மின்னோட்டங்கள் துருவப் பக்கங்களுக்கு இறங்கி, 100 தொடக்கம் 150 கிலோமீற்றர் அளவில் குறுக்கே ஓடிச் சுற்றை முடிக்கும். அங்கே அயன்கள் மின்புலத்தால் இழுபட்டு, அசையாமல் நிற்கிற சாதாரண வாயுவை உரசிக்கொண்டு ஓடுகின்றன. உரசினால் சூடு. கம்பியில் மின்னோட்டம் போனால் சூடாகிற அதே யூல் வெப்பம்தான், கம்பிக்குப் பதில் காற்று. இதோடு மேலே இருந்து விழுகிற இலத்திரன்களும் தங்கள் பங்குக்குச் சுடுகின்றன. பெரிய புயலொன்றின் உச்சத்தில் இந்த வலு 1000 ஜிகாவாட்டையும் தாண்டும். நுரைச்சோலை மின்நிலையத்தின் முழுக் கொள்ளளவு 900 மெகாவாட். ஆயிரத்துக்கு மேற்பட்ட நுரைச்சோலைகளை அந்த ஐதான காற்றுக்குள் மூட்டிவிட்ட கணக்கு.

பலர் வழுக்குகிற இடம் இதற்கு அடுத்தது, கொஞ்சம் நின்று போவோம். சுட்டால் காற்று விரியும். விரிந்தால் 300 கிலோமீற்றரில் முன்பு இருந்ததைவிடக் கூடிய அடர்த்தி வரும், அதில் நைதரசனின் பங்கும் கூடித் தெரியும். இதைப் பார்த்துவிட்டு "கலவை மாறிவிட்டது" என்று எழுதுபவர்கள் உண்டு. ஆனால் அது வெறும் விரிவு. மாடிப்படியில் நின்ற ஆட்கள் எல்லாரும் ஒரு படி ஏறின மாதிரி. நீர் பார்க்கிற படியில் இப்போது வேறு ஆள் நிற்கிறார், வரிசை மாறவில்லை. உயரத்தை விட்டுவிட்டு அமுக்கத்தை அளவுகோலாக எடுத்தால் இது தெரிந்துவிடும்: வெறும் விரிவில், ஒரே அமுக்கத்தில் கலவை பழையபடியே இருக்கும்.

உண்மையான மாற்றம் வரிசையே குலைவது. துருவப் பக்கம் சூடான காற்று மேலே உப்பினதும் அங்கிருந்து காற்று நாலா பக்கமும் வழிந்து ஓடுகிறது, முக்கியமாக நடுக்கோட்டுப் பக்கம், செக்கனுக்குச் சில நூறு மீற்றர் வேகத்தில். மேலே இருந்தது ஓடிப்போனால் அந்த இடத்தை நிரப்பக் கீழே இருந்துதானே வரவேண்டும்? கீழே இருப்பது நைதரசன் கூடிய காற்று. அது அமுக்கக் கோடுகளைக் குறுக்கே கடந்து மேலே ஏறுகிறது. இப்போது ஒரே அமுக்கத்தில் பார்த்தாலும் ஒட்சிசன் அணுவுக்கும் நைதரசனுக்கும் உள்ள விகிதம் விழுந்துவிட்டது. விகிதம்தான் இங்கே பேசவேண்டிய எண், மொத்த அளவு அல்ல. ஈலியம் இன்னும் இலேசு என்பதால் அதுவும் அந்த இடத்தில் அடிபட்டுக் குறையும்.

அப்படி ஏறிய நைதரசன் பொதி ஓரிடத்தில் நிற்காது, காற்று தள்ளும் பக்கம் போகும். மேல் வளியில் இரவில் காற்று நடுக்கோட்டை நோக்கி அடிக்கும், பகலில் துருவத்தை நோக்கி. ஆகவே பொதி இரவில் முன்னே வரும், பகலில் பின்வாங்கும். கோடையில் இருக்கிற அரைக்கோளத்தில் வழக்கமான காற்றே நடுக்கோட்டுப் பக்கம் வீசுவதால் அங்கே கூடத் தூரம் வரும், மாரியில் இருக்கிற பக்கத்தில் துருவத்தோடு அடங்கிக் கிடக்கும். புயல் ஓய்ந்த பிறகு வாயுக்கள் திரும்பவும் தத்தம் இடத்துக்கு இறங்க ஒரு நாள், சிலவேளை அதற்கும் மேலே பிடிக்கும்.

நடுக்கோட்டுப் பக்கத்தில் இரண்டு அரைக்கோளத்துக் காற்றும் வந்து சந்திக்கின்றன. சந்தித்த காற்று கீழே அமுங்குகிறது. மேலே இருந்த ஒட்சிசன் கூடிய காற்று இறங்கி வர, இங்கே விகிதம் உயருகிறது. உம்முடைய இரண்டாம் கேள்விக்குப் பாதிப் பதில் இதுதான்: யாழ்ப்பாணத்துக்கு மேலேயும் மாறும், ஆனால் ஐரோப்பாவுக்கு மேலே மாறுகிற திசைக்கு எதிராக. மிகப் பெரிய புயலில் நைதரசன் பொதி தாழ் அகலாங்கு வரைக்கும் நாக்கை நீட்டுவதும் உண்டு.

சரி, மாறினால் மாறட்டும், ஆருக்கு என்ன? மேலே மின்னேறிக் கிடக்கிற படையான அயன்மண்டலம் இந்த விகிதத்தின் கையில்தான் இருக்கிறது. 300 கிலோமீற்றர் அளவில் சூரியக் கதிர் ஒட்சிசன் அணுவில் இருந்து ஒரு இலத்திரனைப் பிய்த்து அயனாக்குகிறது. அயனும் இலத்திரனும் நேரே சேருவது மிக அரிது, விட்டால் கனநேரம் தனித்தனியே திரியும். அதற்குள் நைதரசன் மூலக்கூறு தரகர் வேலைக்கு வருகிறது. ஒட்சிசன் அயன் நைதரசனைச் சந்தித்து நைத்திரிக்கொட்சைட்டு அயனாக மாறும். அது மூலக்கூறு அயன், இலத்திரன் கிடைத்த கையோடு பிடித்து இரண்டாக உடைந்துவிடும். கதை முடிந்தது, ஒரு இலத்திரன் கணக்கில் குறைந்தது. ஆகவே ஒட்சிசன் அணு வருமானம், நைதரசன் செலவு. பகலில் இலத்திரன் அடர்த்தி இந்த இரண்டின் விகிதத்தோடு ஏறி இறங்கும். புயலில் உயர் அகலாங்குகளில் செலவாளி கூடிவிட, அயன்மண்டலம் பாதிக்கும் கீழே மெலிந்துவிடுவது உண்டு. புயல் நாளில் வானொலி அலைகளைத் திருப்புகிற படை ஏன் மெலிகிறது என்று கனகாலம் ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். 1956இல் சீற்றன் என்ற ஆய்வாளர்தான், இலத்திரனைத் தேடாதீர்கள், வாயுக் கலவையைப் பாருங்கள் என்று வழி காட்டினார். அவர் கை காட்டியது ஒட்சிசன் மூலக்கூறை, அதுவும் அதே தரகு செய்யும்.

அப்போது அது ஊகம். 1972இல் ஏவப்பட்ட ஐரோப்பிய செய்மதி ஈஎஸ்ஆர்ஓ-4 உள்ளே திணிவு நிறமாலைமானி ஒன்றைக் கொண்டுபோய் அந்த வாயுவையே முகர்ந்து பார்த்தது. புயல் நாட்களில் நைதரசன் கூடுவது நேரே அளவாகக் கிடைத்தது. இப்போது தூரத்தில் இருந்தே பார்க்கலாம். ஒட்சிசன் அணு 135.6 நனோமீற்றரில் ஒளிரும், நைதரசன் அதை அண்டிய வேறு அலைநீளப் பட்டைகளில் ஒளிரும். இரண்டின் பிரகாசத்தையும் ஒப்பிட்டால் விகிதம். 2001 டிசெம்பரில் போன ரைமெட் செய்மதியின் குவி என்ற கருவி இப்படித்தான் உலகப்படம் வரைந்தது. 2018 சனவரியில் செய்மதி ஒன்றில் போன கோல்ட் என்ற கருவி, 36,000 கிலோமீற்றரில் அமெரிக்காக் கண்டங்களுக்கு எதிரே நின்று பகல் முழுவதும் படம் எடுக்கிறது.

முன்னே சொன்ன ஒரு விதிவிலக்குக்கு வருகிறேன். புயல் உண்மையிலேயே புதிதாகச் சமைக்கிற சரக்கு நைத்திரிக்கொட்சைட்டு. விழுகிற இலத்திரன்கள் நைதரசன் மூலக்கூறை உடைக்க, சக்தி ஏறிய நைதரசன் அணு ஒட்சிசன் மூலக்கூறோடு சேர்ந்து இதை ஆக்கும். 100, 110 கிலோமீற்றர் அளவில் கூடுதலாகச் சேரும். இது 5.3 மைக்கிரோமீற்றரில் செந்நிறக்கீழ்க் கதிரை வீசி வெப்பத்தை வெளியே கொட்டும். சூடு கூட இதுவும் கூடும், இது கூடச் சூடு வெளியேறும். ரைமெட்டில் இருந்த சேபர் கருவி புயல்களில் இந்த வீச்சு எகிறுவதை அளந்தது. எனக்கு இதில் பிடித்த பகுதி பிறகு நடப்பது: புயல் முடிந்து அடுப்பு அணைந்த பின்னும் நைத்திரிக்கொட்சைட்டு உடனே போவதில்லை, தன் பாட்டில் குளிர்த்திக்கொண்டே இருக்கிறது. அதனால் மேல் வளி புயலுக்கு முதல் இருந்ததையும்விடக் குளிர்ந்து சுருங்கிவிடுவதுண்டு. காய்ச்சல் விட்ட உடம்பு சில்லென்று போகிற மாதிரி.

விரிவால் வருகிற கரைச்சலுக்கு 2022 பெப்ரவரியைச் சொல்லலாம். 3ஆம் திகதி ஏவின 49 ஸ்ரார்லிங்க் செய்மதிகள் 210 கிலோமீற்றர் அளவில் இறங்கி நின்றன. வந்த புயல் சின்னது. ஆனால் அந்த உயரத்தில் காற்றுத் தடை கூடினது போதும், 38 செய்மதிகள் மேலே ஏற முடியாமல் திரும்ப விழுந்து எரிந்தன.

இனி மீதிப் பாதி, யாழ்ப்பாணம். ஒரு தையல் ஊசியின் நடுவில் நூல் கட்டி, சரியாகச் சமநிலைக்குக் கொண்டுவந்த பிறகு காந்தத்தில் தேய்த்துத் தொங்கவிட்டால் லண்டனில் அதன் வடமுனை மூக்குக் குத்த நிலத்தைப் பார்க்கும். உங்கட வீட்டு விறாந்தையில் ஏறக்குறைய மட்டமாகப் படுத்துக் கிடக்கும். காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனையையும் இலங்கையையும் ஒட்டிப் போவதால்தான் இது. கேரளத்துத் தும்பாவில் 1963 நவம்பர் 21 அன்று இந்தியா தன் மண்ணில் இருந்து முதல் ஆய்வு ரொக்கெற்றை விட்டதற்கும் இந்தக் கோடுதான் காரணம்.

மட்டமான காந்தக் கோட்டுக்கு மேலே பகலில் கிழக்கு நோக்கிய மின்புலம் இருந்தால் அயன்களும் இலத்திரன்களும் சேர்ந்து மேலே தூக்கப்படும். மேலே போனவை காந்தக் கோடு வழியே வடக்கும் தெற்கும் வழிந்து, காந்த அகலாங்கு 15 பாகை அளவில் இறங்கும், நீரூற்று மாதிரி. நாங்கள் இருப்பது ஊற்றின் வாயில். புயல் தொடங்கின சில நிமிஷத்தில் துருவத்து மின்புலம் கசிந்து இங்கே வரைக்கும் வந்துவிடும். பகலில் அது ஊற்றை இன்னும் உயரத் தள்ளும். சில மணித்தியாலம் கழிய, துருவத்தில் இருந்து வந்த காற்று தானே ஒரு டைனமோவாகி எதிர்த்திசையில் மின்புலம் உண்டாக்கும். ஊற்று அடங்கும். இதற்குப் பிறகுதான், ஆறுதலாக, கலவை மாற்றம் வந்து சேரும். ஆகவே லண்டனுக்கு மேலே அயன்மண்டலம் மெலிந்தால் கலவையைக் குற்றம் சொல்லலாம். எங்களுக்கு மேலே ஏதும் நடந்தால் முதலில் மின்புலத்தை விசாரிக்கவேண்டும், பிறகுதான் கலவையை.

டைனமோ என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பற்றரிக்குத் தடை, மின்சாரம் கிடையாது. இரவுச் செய்திக்குச் சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றி, டைனமோவைப் பின் ரயரில் முட்டவிட்டு, கையால் பெடலைச் சுற்றித்தான் வானொலி கேட்டோம். சுற்றுகிறவன் தம்பி, முள்ளைத் திருப்புகிறவர் ஐயா. சிற்றலையில் செய்தி வாசிப்பவரின் குரல் படபடவென்று உதறி, அமிழ்ந்து, திரும்ப வரும். "ஒழுங்காச் சுத்தடா" என்று தம்பிக்குப் பேச்சு விழும். சத்தம் சீராகத் தாழ்ந்து போனால் அது தம்பியின் பிழை. ஆனால் அந்தப் படபடப்பு அவன் பிழையல்ல. காந்த நடுக்கோட்டை அண்டிப் பொழுதுபட்ட பிறகு அயன்மண்டலத்தின் அடிப்பக்கம் குழம்பி, அலை உருக்குலையும். பங்குனி சித்திரையிலும் புரட்டாதி ஐப்பசியிலும் கூட. இது புயல் இல்லாத நாளிலேயே நடக்கிற சங்கதி. வேடிக்கை என்னவென்றால், புயலுக்கு அடுத்த இரவில் நான் மேலே சொன்ன எதிர் மின்புலம் இந்தக் குழப்பத்தைப் பல தடவை அடக்கிவிடும். உலகமெல்லாம் வானொலி கெட்ட இரவில் எங்களுக்கு வடிவாகக் கேட்டிருக்கும். தம்பிக்கு இதைச் சொன்னபோது அவனுக்கு ஐம்பது வயது, ஐயாவும் இல்லை.

இப்போது சிற்றலையைக் கேட்பவர் இல்லை, ஜிபிஎஸ் இருக்கிறது. செய்மதிச் சமிக்ஞை அயன்மண்டலத்தால் வரும்போது தாமதிக்கும். வழியில் ஒரு சதுர மீற்றருக்கு 10இன் 16ஆம் அடுக்கு இலத்திரன் கூடினால் 16 சென்ரிமீற்றர் பிழை. எங்கள் பக்கத்தில் சூரியன் உச்சத்தில் இருக்கும் வருஷங்களின் பின்னேரத்தில் அப்படி நூறு அலகு போவது புதினமில்லை, அது 16 மீற்றர். கருவிக்குள் இருக்கிற திருத்தச் சமன்பாடு அதில் ஏறத்தாழப் பாதியைக் கழிக்கும். அந்தச் சமன்பாடு சாதாரண நாளுக்குச் செய்தது, புயல் நாளுக்கு அல்ல. காணி அளப்பவருக்கு இது தலையிடி. மயிலிட்டியில் இருந்து போகிற பைபர் படகுக்கு இது ஒன்றிரண்டு படகு நீளம், கரை தெரியாமல் போகாது. பாக்குநீரிணையில் எல்லை தாண்டினதுக்கு ஆரும் காந்தப் புயலைச் சாட்டுச் சொன்னால் நம்பவேண்டாம்.

லடாக் சிவப்பையும் சொல்லிவிடுகிறேன். ஹான்லே வானாய்வகத்துக் கமராவில் பிடிபட்ட அந்த நிறம் 630 நனோமீற்றர், அதுவும் ஒட்சிசன் அணுவுடையது. அந்த ஒளியை விடுமுன் அணு ஏறத்தாழ 110 செக்கன் காத்திருக்கவேண்டும். கீழே என்றால் அதற்குள் நைதரசன் வந்து மோதி அந்தச் சக்தியைப் பறித்துவிடும். மோத ஆளில்லாத உயரத்தில்தான், 200 கிலோமீற்றருக்கு மேலே, சிவப்பு நிலைக்கும். அவ்வளவு உயரத்தில் இருந்ததால்தான் வடக்கே வெகுதூரத்தில் நடந்தது ஹான்லேயின் அடிவானத்துக்கு மேலே தெரிந்தது. எங்கட பத்துப் பாகைக்கு அது எட்டாது.

அடுத்த புயல் வரும்போது நீரே பார்க்க ஒரு வழி இருக்கிறது. கியோத்தோ பல்கலைக்கழகம் வெளியிடுகிற அந்த Dst சுட்டெண் மைனஸ் 200க்குக் கீழே போனால் குறித்து வையும். அடுத்த நாள் கோல்ட் எடுத்த விகிதப் படத்தைத் தேடி எடும். எங்கட பக்கம் அதில் இராது, செய்மதி நிற்பது அத்திலாந்திக் பக்கம். ஆனால் பெருவில் லீமாவுக்குக் கிட்ட ஹிக்கமார்க்கா என்ற இடத்தில் அறுபதுகளில் இருந்து ஒரு பெரிய ராடர் இருக்கிறது, அதுவும் காந்த நடுக்கோட்டில்தான், ஆகவே எங்களுக்குப் பதிலாகப் பெருவைப் பார்க்கலாம். முதலில் கனடாவில் விரலை வையும், விகிதம் விழுந்திருக்கும். பிறகு பருவத்தை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு விரலைக் கீழே பெரு வரைக்கும் இழுத்து வாரும்.